செயற்கை இனிப்பூட்டி இல்லாமல் மாவுச்சத்து குறைந்த ஐஸ்கிரீம்: வாங்குவதும் வீட்டில் செய்வதும்

ஐஸ்கிரீமிலிருந்து சர்க்கரையை எடுத்தால் இனிப்பு மட்டும் போவதில்லை, மென்மையும் சேர்ந்து போய்விடுகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் இனிப்புக்கு மட்டும் மாற்றுத் தேடுகிறார்கள். மறுநாள் டப்பாவைத் திறந்தால் கரண்டி இறங்காது.

காரணம் எளிது. தண்ணீரில் கரைந்த சர்க்கரை, அந்தத் தண்ணீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தாலும் ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீரில் ஒரு பங்கு உறையாமல் நிற்கும். அதனால்தான் அது கரண்டிக்கு வழிவிடுகிறது. எந்த இனிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் "இது இனிக்குமா?" என்பதோடு "இது உறையாமல் காக்குமா?" என்றும் கேட்க வேண்டும்.

வாங்குவதாக இருந்தால்

டப்பாவின் முன்பக்கத்தை நம்ப வேண்டாம், பின்பக்கத்தைப் படியுங்கள். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்றால் மாவுச்சத்து இல்லை என்று பொருள் அல்ல. பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதோடு மால்டிட்டால் என்ற இனிப்பூட்டியும் சேர்ந்திருக்கலாம். அது சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், நிறையச் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும்.

செயற்கை இனிப்பூட்டிகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது அஸ்பார்டேம், சுக்ரலோஸ், அசெசல்ஃபேம் பொட்டாசியம், சாக்கரின். பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டிருந்தால் முறையே 951, 955, 950, 954. இவை தவிர நீங்கள் பார்க்கக்கூடிய மற்ற இனிப்பூட்டிகள்: ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது) 960, எரித்ரிட்டால் 968, மால்டிட்டால் 965. இந்த எண்களைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் கடையில் நின்று குழம்ப வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஐஸ்கிரீமில் காற்று நிறைய இருக்கும், அதனால் 100 மில்லி ஐஸ்கிரீம் 100 கிராம் எடை இருக்காது. சில வகைகளில் 50, 60 கிராம்தான் தேறும். ஒரு டப்பாவில் 100 மில்லிக்கும் இன்னொன்றில் 100 கிராமுக்கும் கணக்குப் போட்டிருந்தால் முதலாவது பாதியளவு போலத் தெரியும். எப்போதும் கிராமுக்குக் கிராம் ஒப்பிடுங்கள்.

எந்த இனிப்பு?

ஐஸ்கிரீமுக்கு என் முதல் தேர்வு அல்லுலோஸ். அத்திப்பழம், உலர்திராட்சை போன்றவற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் சர்க்கரை வகை இது. சர்க்கரையில் சுமார் 70 சதவீத இனிப்பு, கிராமுக்கு 0.4 கலோரி. உடல் இதைப் பெரும்பாலும் பயன்படுத்தாமல் வெளியேற்றிவிடுகிறது. இதன் மூலக்கூறு சர்க்கரையின் மூலக்கூறில் ஏறக்குறைய பாதி எடைதான். அதனால் அதே எடைக்கு உறைநிலையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறக்கும். சில நாடுகளில் இதை விற்க அனுமதி இல்லை என்பதுதான் ஒரே சிக்கல்.

அடுத்தது எரித்ரிட்டால். சுலபமாகக் கிடைக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் குளிரில் மறுபடி படிகமாகி நாக்கில் நறநறக்கும், ஒருவித ஜில்லென்ற சுவையும் வரும். ஸ்டீவியாவும் மாங்க் ஃப்ரூட் என்ற பழத்திலிருந்து எடுக்கும் இனிப்பும் சிட்டிகை அளவிலேயே இனித்துவிடும், ஆகவே உறைநிலையில் எந்த மாற்றமும் செய்யாது. இவற்றைத் துணைக்கு மட்டும் வையுங்கள். பொட்டலத்தில் மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ கலந்திருந்தால் வேண்டாம், இரண்டும் நேரடி மாவுச்சத்து.

"இயற்கை" என்ற சொல்லைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் அல்லுலோஸ் நொதிகளைக் கொண்டும், எரித்ரிட்டால் ஈஸ்ட் நொதித்தல் மூலமும் தொழிற்சாலையில் செய்யப்படுபவை. உலக சுகாதார நிறுவனம் 2023இல், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னபோது அந்தப் பட்டியலில் ஸ்டீவியாவும் இருந்தது. ஆக, எதுவானாலும் அளவோடு போதும்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியை வாங்கவே வேண்டாம். கொஞ்சம் நக்கினாலும் அதன் உயிருக்கு ஆபத்து.

இயந்திரம் இல்லாமல் வெனிலா ஐஸ்கிரீம்

எட்டுப் பங்குக்குத் தேவையானவை:

- 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம், 400 மில்லி
- பால், 200 மில்லி
- முட்டை மஞ்சள் கரு, 4
- அல்லுலோஸ், 80 கிராம்
- கலப்பில்லாத ஸ்டீவியா தூள், ஒரு சிட்டிகை
- வெனிலா எசென்ஸ், 1 தேக்கரண்டி
- உப்பு, ஒரு சிட்டிகை

முதல் படி: கனமான பாத்திரத்தில் பாலை ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள், கொதிக்க விட வேண்டாம். இன்னொரு கிண்ணத்தில் மஞ்சள் கரு, அல்லுலோஸ், உப்பு மூன்றையும் நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள்.

இரண்டாம் படி: சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் கருவில் ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் முட்டை வெந்து கட்டியாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் பாத்திரத்துக்கே மாற்றுங்கள்.

மூன்றாம் படியில்தான் பொறுமை வேண்டும். அடுப்பை மிகச் சிறியதாக வைத்து, அடிவரை துழாவிக்கொண்டே இருங்கள். வெப்பமானி இருந்தால் 75க்கும் 80க்கும் இடையில் நிறுத்துங்கள். 71 டிகிரியைத் தாண்டினால் முட்டை பாதுகாப்பாகிவிடும், 85ஐ நெருங்கினால் திரிந்துவிடும். வெப்பமானி இல்லையா, கரண்டியின் பின்பக்கத்தில் படிந்த கலவையில் விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. திரிந்தது போலத் தெரிந்தால் உடனே இறக்கி வடிகட்டுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடும்.

நான்காம் படி: வடிகட்டி, வெனிலாவும் ஸ்டீவியாவும் சேர்த்துச் சுவை பாருங்கள். இப்போது கொஞ்சம் தூக்கலாகவே இனிக்க வேண்டும், குளிரில் இனிப்பு மங்கித் தெரியும். ஆனால் ஸ்டீவியா கூடினால் கசக்கும், ஆகவே ஊசிமுனை அளவில் கூட்டுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் வையுங்கள்.

ஐந்தாம் படி: நன்றாகக் குளிர்ந்த க்ரீமை, குளிர்ந்த கிண்ணத்தில், தூக்கினால் நுனி மெல்ல வளையும் பதம் வரை அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் பிரியும். இயந்திரம் செய்யும் காற்றேற்றும் வேலையை இங்கே க்ரீம் செய்கிறது. குளிர்ந்த முட்டைக் கலவையை மூன்று தவணையாகச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். வேகமாகக் கிளறினால் ஏற்றிய காற்று போய்விடும்.

ஆறாம் படி: அகலமான மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, மேற்பரப்பைத் தொடுமாறு பட்டர் பேப்பர் ஒட்டி மூடி, ஃப்ரீசரில் 6 மணி நேரம்.

ஐஸ்கிரீம் இயந்திரம் இருந்தால் க்ரீமை அடிக்கவே தேவையில்லை. குளிர்ந்த கலவையில் அப்படியே சேர்த்து ஓடவிடுங்கள்.

கணக்கு

க்ரீமில் சுமார் 12 கிராம், பாலில் 9.6, மஞ்சள் கருவில் 2.4 என மொத்தம் 24 கிராம் மாவுச்சத்து. எட்டாகப் பிரித்தால் பங்குக்கு 3 கிராம். அல்லுலோஸை நான் இதில் சேர்க்கவில்லை. அதற்குப் பதில் 120 கிராம் சர்க்கரை போட்டிருந்தால் பங்குக்கு 18 கிராம் ஆகியிருக்கும். இன்சுலின் எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்தாமல், சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரையைச் சோதித்தும் பாருங்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

அல்லுலோஸ் கிடைக்காதவர்களுக்கு

எரித்ரிட்டாலை மிக்சியில் நைஸாகப் பொடித்து 70 கிராம் சேருங்கள். சூடான முட்டைக் கலவையில் முழுவதும் கரைந்திருக்க வேண்டும். இந்த ஐஸ்கிரீம் கெட்டியாகத்தான் உறையும், பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

எந்த இனிப்பூட்டியும் வேண்டாம் என்றால் சேமித்து வைக்கும் ஐஸ்கிரீமை மறந்துவிட்டு, உடனே சாப்பிடும் வகைக்கு மாறுங்கள். உறைந்த ஸ்ட்ராபெரி 100 கிராம், குளிர்ந்த க்ரீம் 100 மில்லி, கொஞ்சம் வெனிலா, துளி உப்பு. மிக்சியில் விட்டுவிட்டு அடித்தால் இரண்டு பேருக்கு மென்மையான ஐஸ்கிரீம் தயார். ஆளுக்கு ஐந்தரை கிராம் வாக்கில் மாவுச்சத்து வரும், அதில் ஒரு கிராம் நார்ச்சத்து. பழம் நன்றாகப் பழுத்திருந்தால்தான் இது இனிக்கும். மீதியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும்.