சிரட்டையும் புளியங்கொட்டையும் போதும்: சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல்

தரம் 1-க்குப் போகுமுன்பே பிள்ளை கொப்பியில் 3 + 2 = 5 என்று எழுதிவிட வேண்டும் என்று நம்மில் பலர் அவசரப்படுகிறோம். அந்த அடையாளங்களைக் கடைசிக்கு வையுங்கள். கையால் தொட்டுக் கூட்டிப் பழகிய பிள்ளைக்கு எழுத்து லேசாக வரும். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேவையானவை: கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை ஒரு கைப்பிடி, ஒரு சிரட்டை, ஒரு முட்டை அட்டை. குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, மென்றால் கடும் நஞ்சு. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டையும் ஆகாது, தொண்டையில் சிக்கும். வாய்க்குள் போகாத பெரிய கல்லாக எடுங்கள்.

படி 1: எண்ணிப் பார்த்தல்
ஏழு கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிந்ததும், "எத்தின கிடக்கு மனே?" என்று கேளுங்கள். பிள்ளை திரும்பவும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. கூட்டலுக்குப் போகாமல் இதையே விளையாடுங்கள்.

படி 2: இரண்டு குவியல், ஒரு குவியல்
இங்கே மூன்று, அங்கே இரண்டு. பிள்ளையே இரண்டு கையாலும் ஒன்றாகத் தள்ளி எண்ணட்டும். நீங்கள் தள்ளிக் கொடுக்காதீர்கள்.

படி 3: சிரட்டை விளையாட்டு
எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதிக நாள் எடுப்பதும் இதுதான். பிள்ளை பார்க்க ஐந்து கொட்டைகளை வைத்துச் சிரட்டையால் மூடுங்கள். வெளியே இரண்டு வையுங்கள்.

"உள்ளுக்க எத்தின?"
"அஞ்சு."
"வெளியில கிடக்கிறதையும் சேத்தா?"

உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒன்றிலிருந்து எண்ண வழியில்லை, ஐந்துக்கு மேலேதான் எண்ணியாக வேண்டும். சில பிள்ளைகள் வெளியே கிடக்கும் முதல் கொட்டையைத் தொட்டு "அஞ்சு", அடுத்ததைத் தொட்டு "ஆறு" என்று முடித்துவிடுவார்கள். பிழை என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் உள்ளங்கையைச் சிரட்டையின் முதுகில் வைத்து "அஞ்சு" என்று தட்டச் செய்யுங்கள். பிறகு விரல் வெளியே நகரட்டும்: "ஆறு, ஏழு." சிரட்டையைத் தூக்கி எண்ணிச் சரிபார்க்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள்!

பிறகு இரண்டும் ஆறும் கொடுத்து, எதை மூடலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஆறை மூடினால் வெளியே எண்ண இரண்டுதான். இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளை பெரிய எண்ணிலிருந்து தொடங்கப் பழகிவிடும். நீங்கள் முந்திச் சொல்லிவிட வேண்டாம்.

படி 4: கல்முனை பஸ்
நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் கதிரைகளை வரிசையாகப் போடுங்கள். ஒருவர் சாரதி. மட்டக்களப்பில் இரண்டு பேர் ஏறுகிறார்கள், காத்தான்குடியில் ஒருவர், களுவாஞ்சிகுடியில் இன்னும் ஒருவர். ஒவ்வொரு தரிப்பிலும் பஸ்ஸுக்குள் எத்தனை பேர் என்று சாரதி சத்தமாகச் சொன்னால்தான் பஸ் கிளம்பும். ஆள் போதாவிட்டால் பொம்மைகளும் ஏறலாம். இறங்குவதை இப்போதைக்கு விடுங்கள், அது கழித்தல்.

படி 5: பத்து நிரப்புதல்
முப்பது முட்டை அட்டையில் ஐந்து குழி கொண்ட இரண்டு வரிசையை வெட்டுங்கள். பத்துக் குழி. ஏழு கொட்டைகளைப் போட்டால் மூன்று வெறுமையாக இருப்பது கண்ணுக்கே தெரியும். ஒரு தடவை நாலைப் போட்டு, இன்னொரு தடவை ஆறைப் போட்டு, "நிரம்ப இன்னும் எத்தின வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பின்னாளில் 8 + 5 வரும்போது, ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி மிச்சம் மூன்றைச் சேர்க்க இந்தக் குழிகள்தான் உதவும்.

படி 6: இனி எழுதலாம்
கொட்டைகளுக்குப் பக்கத்தில் எண்களை எழுதி, "மூன்று சக இரண்டு சமன் ஐந்து" என்று வாசியுங்கள். சமன் என்றால் 'விடையை இங்கே எழுது' என்று பல பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதுதான் அதன் பொருள். அதனால் தொடக்கத்திலிருந்தே சில நாள் 5 = 3 + 2 என்றும் திருப்பி எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்திலும் கொட்டைகளை வைத்துப் பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும்.