வடசென்னையில் குடியிருப்போர் வீட்டுக்குள் காற்றைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் முறை

தொழிற்சாலைகள் நிறைந்த திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் விளிம்பில் படியும் கரும்பொடி புதிதல்ல. காலையில் துடைத்த விளிம்பை மாலையில் ஈரமான வெள்ளைத் துணியால் மறுபடியும் துடைத்தால், துணியில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் கலந்த கறுப்புக் கோடு விழும். ஆனால் கண்ணில் படும் இந்தப் பொடியைக் காட்டிலும் கண்ணில் படாத பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களே கவலைக்குரியவை; 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுள்ள அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்றுவிடுகின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவோ 15 மட்டுமே.

தெருவின் காற்றைத் தனி ஒருவரால் மாற்ற முடியாது. படுக்கையறையின் காற்றை மாற்ற முடியும். அதற்கு ஒரு வரிசை உண்டு. பலர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து, விலை உயர்ந்த கருவியை வாங்கி வைத்துவிட்டு, அதன் அருகிலேயே கொசுவத்தியையும் ஏற்றி வைக்கிறார்கள்.

முதல் படி: வீட்டுக்குள் உண்டாகும் புகையை நிறுத்துங்கள்

கொசுவத்திச் சுருளிலிருந்து தொடங்குங்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடிகையில் வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில் குழந்தையின் தலைமாட்டில் அதை வைத்துவிட்டு வெளியே இருக்கும் புகைபோக்கியை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை. ஜன்னலுக்கு வலையும் கட்டிலுக்குக் கொசுவலையும் போதும். சாம்பிராணி போடுவதை விட முடியாதவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துச் சிறிது நேரத்தில் முடித்துக்கொண்டு, தணலை வெளியே எடுத்துச் சென்றுவிடலாம்.

சமையலறையில் மிளகாய் தாளிக்கும்போது எழும் நெடியில் எண்ணெய்த்துளிகளும் நுண்துகள்களும் கலந்திருக்கின்றன. அடுப்பைப் பற்றவைக்கும்போதே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமைத்து முடித்த பின்னும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

இரண்டாம் படி: காற்றின் திசையறிந்து ஜன்னலைத் திறவுங்கள்

செலவே இல்லாத இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் ஜன்னல்களை அகலத் திறந்து வைப்பது நம் வீடுகளின் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் தொழிற்சாலைப் பகுதியில் அந்த நேரம் பொருந்தாது. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து நிற்பதால், புகை மேலெழ வழியின்றித் தரைமட்டத்திலேயே தேங்குகிறது. குறிப்பாக மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் காற்றே பெரும்பாலும் அந்த நாளின் மோசமான காற்றாக இருக்கும்.

இதோடு திசையும் சேர்கிறது. திருவொற்றியூருக்கு மணலி மேற்கே இருக்கிறது. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மேற்குக் காற்று வீசும்போது மணலியின் நெடி திருவொற்றியூர் வீடுகளுக்குள் வரும். பகல் ஏறியதும் கடற்காற்று தொடங்கினால் அதே வீடுகளுக்குக் கிழக்கிலிருந்து ஓரளவு தூய காற்று கிடைக்கும். மணலிக்கு மேற்கே குடியிருப்பவர்களுக்கோ அந்தக் கடற்காற்றே புகையைக் கொண்டுவந்து சேர்க்கும். மழைக்காலத்தில் வடக்கிலிருந்து வாடை வீசும் நாட்களில் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் தெற்கு நோக்கி நகரும். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நேரம் கிடையாது. மொட்டை மாடிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை ஒரு வாரம் காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பார்த்துக் குறித்து வையுங்கள். கூடவே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய காற்றை அளக்கும் நிலையங்களில் உங்களுக்கு அருகிலுள்ளதைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கான நேரம் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களை இருபது நிமிடமாவது திறந்து வையுங்கள். நாள் முழுவதும் பூட்டியே வைத்தால் மூச்சுக்காற்றும் ஈரப்பதமும் தேங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். போகி விடியலிலும் தீபாவளி இரவிலும் மட்டும் யோசிக்காமல் மூடிவிடுங்கள்.

மூன்றாம் படி: இடுக்குகளை அடைத்து, ஈரத்தால் துடையுங்கள்

சாலைப்பக்கக் கதவின் அடியிடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் ஒட்டும் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். கேஸ் அடுப்பு இருக்கும் அறையின் காற்றுவழியை மட்டும் அடைக்கவே கூடாது. துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குவது படிந்த தூசியை மீண்டும் மூக்குயரத்துக்கு எழுப்புவதாகும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மின்விசிறி இறக்கைகளையும் மறக்க வேண்டாம்.

நான்காம் படி: ஓர் அறைக்கு மட்டும் கருவி

இவ்வளவும் செய்த பிறகே காற்றுத் தூய்மிப்பான் (ஏர் ப்யூரிஃபையர்) வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். வீடு முழுவதற்கும் ஒன்று வாங்குவதைவிட, எட்டு மணி நேரம் உறங்கும் அறைக்கு அளவான ஒன்றே மேல். கணக்கு எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் 1200 கன அடி, அதாவது ஏறத்தாழ 34 கனமீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்பட 170 கனமீட்டர் திறன் வேண்டும். பெட்டியின் மீது சி.ஏ.டி.ஆர். (கருவி தரும் தூய காற்றின் அளவு) என்று அச்சிட்டிருப்பது இந்த எண்தான். உச்ச வேகத்தில்தான் அந்த எண் கிடைக்கும் என்பதாலும், அந்த இரைச்சலில் யாரும் உறங்க முடியாது என்பதாலும், தேவைக்குக் கூடுதலான திறனுள்ளதையே தேர்ந்தெடுங்கள். நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவி வேண்டவே வேண்டாம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, கதவை மூடி, உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

ஸ்ப்ளிட் ஏசி இந்த வேலையைச் செய்யாது. அதன் வலை பெருந்தூசியை மட்டுமே பிடிக்கும். செடிகளும் அப்படியே. காற்றில் ஆவியாகக் கலந்த வேதிப்பொருட்களை நீக்குவதில் கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானாலே ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துத் தொட்டிகளாவது வேண்டும் என்று 2019-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அழகுக்காக வளருங்கள்.

ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்குமே தவிர வாயுவைப் பிடிக்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கண்ணும் தொண்டையும் எரியும்படி நெடி வந்தால் கருவியை நம்பி உள்ளே இருக்காதீர்கள். நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள்.

ஐந்தாம் படி: வடிகட்டியைக் கவனியுங்கள்

கருவியில் பெருந்தூசியைப் பிடிக்கும் முன்வலையை இரு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஹெப்பா வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கழுவினால் அதன் இழைகள் கெட்டுவிடும். புதியதைப் பொருத்தும்போது அதன் ஓரத்தில் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். பெட்டியில் ஓராண்டு என்று போட்டிருந்தாலும் நம் பகுதியில் அது முன்னதாகவே கறுத்துவிடும். பழையதைக் கழற்றும்போது முகக்கவசம் அணிந்து, தட்டாமல் உதறாமல் நேராகப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.