சிதறிய தளங்களையும் பட்டியல்களையும் ஒன்றாக்கும் முறை

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, திருமண மண்டபம் என்று காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பல கிளைகளை நடத்தும் அறக்கட்டளைகளில், ஒவ்வொரு கிளையும் தனக்கென ஓர் இணையதளமும் ஒரு பெயர்ப் பட்டியலும் வைத்திருப்பது வழக்கம். இவற்றை ஒன்றாக்க முற்படுவோர் முதலில் மென்பொருள் வாங்கக் கூடாது. எந்தத் தகவலுக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் பெற வேண்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. ஒவ்வொரு டொமைனும் (இணையதள முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியுள்ளது, புதுப்பிக்க வேண்டிய நாள் எது, ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்பவற்றை ஒரே தாளில் குறிக்க வேண்டும். நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் சொந்த மின்னஞ்சலுக்கே புதுப்பிப்பு அறிவிப்புகள் போய்க்கொண்டிருந்ததால், மாணவர் சேர்க்கை நடந்த வாரத்தில் தளம் நின்றுபோயிற்று. எழுத்தரின் கணினியில் இருக்கும் எக்செல் கோப்புகளையும் இக்கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் சரியான தகவல் இருக்கும்.

பிறகு, ஒரு தகவலுக்கு ஒரே பேரேடு என்று வகுக்க வேண்டும். பெற்றோரின் கைபேசி எண்ணைப் பள்ளி அலுவலகம் மட்டுமே திருத்தலாம் என்றால், கட்டணப் பிரிவும் விடுதியும் அதைப் பார்க்கலாமேயன்றி மாற்றக் கூடாது. மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் பெறப்பட்டதோ அதற்கே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

அதிகக் கவனம் கோருவது பெயர்கள்தாம். நகரத்தார் குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதால், ஒரே விலாசத்தில் இரண்டு பழனியப்பன்கள் இருப்பது இயல்பு. நன்கொடையாளர் பட்டியலில் பெயரையும் விலாசத்தையும் மட்டும் ஒப்பிட்டால், பாட்டனாரின் நன்கொடை பேரன் கணக்கில் ஏறிவிடும். ஆகவே தகப்பனார் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒத்திருக்கும் பதிவுகளைக் கணினி எடுத்துக் காட்டட்டும். இணைப்பதா என்பதைக் குடும்பங்களை அறிந்த மூத்த ஊழியர் முடிவு செய்யட்டும். இணைத்த பின்னும் இரண்டு பழைய பதிவு எண்களையும் வைத்திருந்தால்தான் தவறு நேர்ந்தால் மறுபடி பிரிக்க முடியும்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு மாற்றுவது மட்டும் போதாது. ‘கோட்டையூர்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடும் கணினிக்கோ வேறு வேறு. என்எஃப்சி என்னும் சீராக்க முறை இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ‘சௌந்தரம்’ என்ற பெயரை ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டச்சு செய்திருந்தால் அம்முறைக்கு அது பிழையாகவே தெரியாது. அத்தகைய பெயர்களைத் தனியே தேடித் திருத்த வேண்டும்.

தரவைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றுவதற்கு முன்னும் பின்னும், கணக்கை முடிக்கும்போது ஐந்தொகை எடுப்பதைப் போலச் சரிபார்க்க வேண்டும்: பதிவுகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியான நன்கொடைத் தொகை, கட்டண நிலுவை ஆகிய மூன்றும் பழைய தரவுத்தளத்திலும் புதியதிலும் ஒத்துவர வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் காரணம் தெரியும்வரை மேலே செல்லக் கூடாது. ஒரு கல்வியாண்டின் கட்டண வசூல் முடியும்வரை பழையதை, படிக்க மட்டும் முடிகிற நிலையில், விட்டுவைப்பது நல்லது.

தளத்தை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் (தளத்தின் பெயரை அது இருக்கும் கணினியோடு இணைக்கும் பதிவு) டிடிஎல் அளவை, அதாவது அப்பதிவைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறைத்துக்கொண்டால், மாற்றம் விரைவில் எல்லோரையும் சென்றடையும். பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு, நிரந்தர இடமாற்றத்தைக் குறிக்கும் 301 திருப்பத்தால் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால், தேர்வு முடிவைத் தேடி வரும் மாணவர் திகைத்து நிற்பார். இத்திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகுள் அறிவுறுத்துகிறது. பழைய டொமைனை அதற்குப் பிறகும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். கைவிட்ட பெயரை வேறொருவர் வாங்கி, உங்கள் கல்லூரியின் பெயரிலேயே கட்டணம் வசூலிக்க இடம் உண்டு.