சிஏ 19-9 ரிப்போர்ட்டும் சில தப்புக் கணக்குகளும்

கோரிப்பாளையத்தில் லேப் வேலை பார்க்கிறவன் நான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டி, "தம்பி, எனக்குச் சுகரே கெடையாது. இதுல கார்போஹைட்ரேட்னு போட்டிருக்காமே, சோத்தைக் கொறைக்கணுமா?" என்று கேட்டார். சிஏ 19-9 டெஸ்ட், அதாவது பெரும்பாலும் கணையப் புற்றுநோய் விஷயத்தில் பார்க்கிற ரத்தப் பரிசோதனை. 37 வரை இயல்பு என்று வைத்திருக்கிறோம்; அவருக்கு நானூறைத் தாண்டியிருந்தது.

இது ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் இல்லை. செல்லின் வெளிப்புறத்தில் புரதத்திலும் கொழுப்பிலும் தொங்குகிற சர்க்கரைச் சங்கிலி. சோற்றைக் குறைத்தால் இந்த எண் குறையாது. 'சிஏ' என்றாலே கேன்சர் என்று வாசிப்பதும் தப்பு. 19-9இல் அது கார்போஹைட்ரேட் ஆன்டிஜென்; ஆன்டிஜென் என்றால் ஆன்டிபாடி போய்ப் பிடிக்கிற பொருள். சிஏ 125இல்தான் கேன்சர் ஆன்டிஜென். பேர் வைத்தவர்களையும் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும்.

படிக்கிற பிள்ளைகள் வேறு இடத்தில் தவறுகிறார்கள். இந்த டெஸ்டில் பயன்படும் ஆன்டிபாடி (ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறது என்றே பரீட்சையில் எழுதுகிறார்கள். அதற்கு நோயெல்லாம் தெரியாது, ஒரு வடிவம்தான் தெரியும். 1979இல் விஞ்ஞானி ஹிலரி கோப்ரோவ்ஸ்கியின் குழுவினர் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லை எலிக்குச் செலுத்தி உண்டாக்கிய ஆன்டிபாடி இது. பிடிப்பது நாலே சர்க்கரை: சியாலிக் அமிலம், கேலக்டோஸ், என்-அசிட்டைல் குளுக்கோசமைன், ஃபியூகோஸ். இதே நாலும் இன்னொரு சங்கிலியிலும் உண்டு. கேலக்டோஸும் ஃபியூகோஸும் முடிச்சுப் போட்ட இடம் மட்டும் மாறியிருக்கும். அதை இந்த ஆன்டிபாடி சீண்டுவதில்லை. சியாலிக் அமிலத்தை வெட்டிவிட்டாலும் அப்படித்தான்.

இவ்வளவு கறாரான ஆள், பிடியும் இரும்புப்பிடியாக இருக்கும் என்று நினைத்தால் அது அடுத்த தவறு. சர்க்கரை தண்ணீரோடு உறவாடும் பொருள். அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து இழுக்க வேண்டும். சில ஹைட்ரஜன் பிணைப்புகள், அப்புறம் ஆன்டிபாடியில் இருக்கும் டிரிப்டோபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் தட்டை வளையம் சர்க்கரையின் முகத்தில் சாய்ந்துகொள்வது, இவ்வளவுதான் பிடிமானம். ஒற்றைக் கை பெரும்பாலும் சீக்கிரம் நழுவிவிடும். புஞ்சைக் காட்டில் நடந்தால் வேட்டியில் ஏறும் நாயுருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு என்றால் தட்டிவிடலாம். வேட்டி முழுக்க ஏறினால் திண்ணையில் உட்கார்ந்துதான் பிடுங்க வேண்டும். ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடிக்குப் பத்துக் கை. சளியில் இருக்கும் மியூசின் புரதத்திலோ ஒரே சங்கிலி திரும்பத் திரும்பத் தொங்குகிறது. அதனால்தான் பல சிஏ 19-9 கிட்டுகளில் (டெஸ்ட் செய்யும் பெட்டிகளில்) புரதத்தைக் கீழே பிடித்து வைக்கவும், அது சிக்கியதை மேலே அடையாளம் காட்டவும் ஒரே ஆன்டிபாடியே போதுமானதாகிவிடுகிறது.

இந்தச் சர்க்கரை புற்றுநோய்க்கு மட்டுமே சொந்தமும் இல்லை. கணையம், பித்தக்குழாய்ச் செல்கள் இயல்பாகவே இதைச் செய்கின்றன. பித்தம் அடைத்தால் ரத்தத்தில் ஏறும். வேறு சர்க்கரைகளிலும் இதே கதைதான். நியூரோபிளாஸ்டோமா என்ற, குழந்தைகளுக்கு வரும் நரம்புச் செல் புற்றுநோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டினுடக்சிமாப், ஜிடி2 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பிடிக்கிற மருந்து. அது நரம்புகளிலும் இருப்பதால் மருந்து ஏறும்போது கடுமையாக வலிக்கும்.

பெரியவரின் கண் மஞ்சளாக இருந்தது. ஸ்கேனில் பித்தக்குழாயில் கல். எடுத்து, காமாலை வடிந்த பிறகு பார்த்தால் எண் 37க்குக் கீழே.

சரி, எண் குறைவாக இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. ஏ, பி, ஓ போல லூயிஸ் என்றும் ஒரு ரத்த வகை உண்டு; அது அறவே இல்லாதவர்களுக்கு ஃபியூகோஸை மாட்டும் நொதி வேலை செய்யாது. கணையத்தில் புற்று இருந்தாலும் இந்தச் சங்கிலி உருவாகாது. ஆகவே உடம்பில் ஒன்றும் இல்லாமல், சும்மா பார்த்துவிடலாமே என்று இதை எடுக்க வருகிறவர்களிடம் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். முதலாளிக்கு என்மேல் அதில் வருத்தம்தான்.

சிகிச்சையில் இருப்பவர்கள் தல்லாகுளத்தில் ஒரு தடவை, அண்ணா நகரில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி எடுக்காதீர்கள். கிட் மாறினால் அதே ரத்தத்துக்கே எண் மாறும்.