வரி ரீஃபண்ட் என்று வரும் மெயில்: போலியா என்று பார்ப்பதும் புகார் அனுப்புவதும்

போன ஆகஸ்டில் ஒரு நாள் அப்பா போனை என்னிடம் நீட்டினார். "ரீஃபண்ட் வந்திருக்குப்பா. பேங்க் விவரம் கேக்குது, கொஞ்சம் போட்டுக் கொடு." ஜூலையில்தான் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தார், ரீஃபண்டும் வரவேண்டியிருந்தது. அதனால் அவருக்குத் துளியும் சந்தேகம் எழவில்லை. மெயிலின் தலையில் துறையின் சின்னம், நடுவில் ஒரு தொகை, கீழே நீல நிறப் பொத்தான். அதற்கும் கீழே சிவப்பில், "இன்று இரவுக்குள் உறுதி செய்யாவிட்டால் தொகை ரத்தாகும்."

அந்த மெயிலை நாங்கள் இருவரும் எந்த வரிசையில் சோதித்தோமோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். கையில் போன் இருந்தால் போதும்.

முதலில் அனுப்பியவர் யார் என்று பாருங்கள். மேலே தெரியும் பெயரை நம்பாதீர்கள், அதை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். ஜிமெயிலில் அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும். அப்பாவுக்கு வந்ததில் அட் குறிக்குப் பிறகு இன்கம்டாக்ஸ் என்ற சொல் இருந்தது. ஆனால் முடிவது டாட் காம் என்று. துறையின் உண்மையான முகவரி, இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் போல, கவ் டாட் இன் என்றுதான் முடியும்.

அடுத்தது லிங்க். முக்கியமான இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். பொத்தானைத் தட்டாமல், விரலை அதன்மேல் அழுத்தி வைத்திருங்கள். அது எங்கே போகிறது என்ற முகவரி மேலெழும். கணினியில் மவுஸை அதன்மேல் கொண்டுபோனாலே இடது கீழ் மூலையில் தெரியும். அந்த முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். தபால் முகவரியில் மாவட்டம் கடைசியில் வருகிறதல்லவா, அது போலத்தான். வீட்டு வாசலில் "மதுரை இல்லம்" என்று பலகை மாட்டியிருந்தாலும், மாவட்டம் சேலம் என்றால் வீடு சேலத்தில்தான் இருக்கிறது. முகவரியின் தொடக்கத்தில் இன்கம்டாக்ஸ், கவ், இன் எல்லாம் இருந்து, கடைசியில் வேறு பெயரோடு டாட் காம் என்றோ டாட் டாப் என்றோ முடிந்தால் அது அந்த வேறு பெயர்க்காரரின் தளம். கவ் டாட் இன் என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள். ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலவே தெரியும். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், போலித் தளங்களிலும் அது இருக்கும்.

அப்புறம், மெயில் என்ன கேட்கிறது? பின் எண், பாஸ்வேர்ட், கார்டு விவரம் ஆகியவற்றை வருமான வரித் துறை மெயிலில் கேட்பதில்லை. ரீஃபண்ட், துறையின் இணையதளமான போர்ட்டலில் நீங்கள் முன்பே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிடும். எழுத்துப் பிழையைத் தேடும் பழைய வழியை மட்டும் நம்பாதீர்கள், இப்போது வரும் போலிகள் பிழையே இல்லாமல் வருகின்றன.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், மெயிலை மூடிவிட்டு, துறையின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய் ரீஃபண்ட் நிலையைப் பாருங்கள். அப்பாவின் ரிட்டர்ன் அன்று இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது. "அப்போ இது?" என்று மெயிலைக் காட்டினார். உங்களுக்கு வந்தது ரீஃபண்ட் மெயிலாக இல்லாமல் துறையின் நோட்டீஸ் என்றால், அதில் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் இது நடைமுறை. அது உண்மையா என்று லாகின் செய்யாமலே போர்ட்டலின் முகப்பில் சரிபார்க்கலாம்.

சரி, போலி என்று தெரிந்தாயிற்று. தயவுசெய்து அழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதே மெயில் இன்னும் எத்தனையோ அப்பாக்களின் போனில் இருக்கும். வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்ற முகவரிக்கு அதை அனுப்புங்கள். இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் ஒரு நகல் போகட்டும்: இன்சிடென்ட் அட் செர்ட்-இன் டாட் ஓஆர்ஜி டாட் இன். கணினியிலிருந்து, மெயிலை இணைப்புக் கோப்பாக ஃபார்வர்ட் செய்தால் அது கடந்து வந்த பாதையும் கூடவே போகும், துப்பறிய அதுதான் உதவும். பிறகு ஜிமெயிலில் மூன்று புள்ளிகளைத் தொட்டு "ரிப்போர்ட் ஃபிஷிங்" கொடுங்கள். போன் செயலியில் அது இல்லையென்றால் "ரிப்போர்ட் ஸ்பேம்" போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவை எச்சரிக்க ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போடுங்கள். லிங்க்கைப் போட்டால் யாராவது தட்டிவிடுவார்கள்.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், நேரம்தான் முக்கியம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லி கார்டை முடக்குங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் எழுத்துப்பூர்வப் புகாரும் பதியுங்கள். பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் அதை மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கேயும்.