ஜப்பான் ஹிப் ஹாப் பற்றி எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் இதைப் பற்றிப் புதிதாக எழுத வந்த மூன்று பேரின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் எங்கெல்லாம் சறுக்கினேனோ, அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். பெயர்ப் பிழை, வருடப் பிழையை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள்.

பாட்டிலிருந்து கதையைத் தொடங்குவது

அங்கே முதலில் பிடித்துக்கொண்டது ஆட்டம். 1983இல் நியூயார்க் ஹிப் ஹாப்பைக் காட்டும் 'வைல்ட் ஸ்டைல்' படம் டோக்கியோவுக்கு வந்தபோது நியூயார்க் ஆட்டக்காரர்களும் டிஜேக்களும் கூடவே வந்து மேடையேறினார்கள். ஆங்கிலம் புரியாதவனுக்கும் தலைகீழாகச் சுழலும் உடம்பு புரியும், ரெக்கார்டை முன்னும் பின்னும் இழுக்கும் கை புரியும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோகி பூங்காப் பக்கம் பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். பின்னால் பெயர் பெற்ற ஜப்பானிய டிஜே, டிஜே கிரஷ், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்தப் பக்கமே வந்தார்.

ஜப்பானிய மொழிக்கு ராப் சரிவராது என்பது

இதைப் படித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் நானே இதை எழுதி அச்சிலும் வந்திருக்கிறது. மூன்று மாத உழைப்பு. பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு, வினைச்சொல் கடைசியில் வருகிற மொழியில் எல்லா வரியும் ஒரே மாதிரிதான் முடியும், இயைபுக்கு இடமே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்த மொழி தெரிந்த ஒரு வாசகர் ஒரு தாளில் மூன்றே சொற்களை எழுதி, உயிரொலிகளுக்கு அடியில் கோடு போட்டு அனுப்பினார்: டோக்யோ, கோகோ, டோடோ. நகரம், உயர்நிலைப் பள்ளி, கம்பீரம். மெய் மாறுகிறது, இரண்டு நெடில் 'ஓ' மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பத்திரிகை அதன் பிறகு என்னிடம் கட்டுரை கேட்கவே இல்லை.

நான் சொன்னதில் பாதி உண்மை. இகிமாஸ், மிமாஸ், தாபெமாஸ்: போகிறேன், பார்க்கிறேன், சாப்பிடுகிறேன். நம் 'கிறேன்' மாதிரியேதான், 'மாஸ்' பக்கத்தில் இன்னொரு 'மாஸ்' வந்து விழுந்தால் யாருக்கும் சிலிர்க்காது. ஆனால் வினையை வரியின் நடுவில் போட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லில் முடிக்கலாமே. வாக்கா என்ற பழைய ஜப்பானியக் கவிதை வடிவத்திலேயே இருக்கிற உத்தி இது, 'தைகென்தொமே' என்று அதற்குப் பெயரே உண்டு. இன்னொரு வழி, மெய்யைக் கண்டுகொள்ளாமல் உயிர்களை மட்டும் மூன்று நான்கு அசைக்கு இழுத்துப் பொருத்துவது. மொத்தம் ஐந்தே உயிர் என்பதால் ஜோடி நிறையவே கிடைக்கும். 1995இல் முதல் ஆல்பம் போட்ட கிங் கிட்ரா குழு இதையெல்லாம் கறாராகச் செய்து காட்டியது. தங்கள் சொந்தச் சொற்களே இப்படி மோதுவதைக் கேட்ட ரசிகர்களுக்கு இது இறக்குமதிச் சரக்காக எப்படித் தோன்றும்?

மொழி தெரியாவிட்டால் வரிகளை ரோமன் எழுத்தில் எடுத்து உயிர்களுக்குக் கோடு போடுங்கள். பத்து நிமிட வேலை.

கருவிகளை மறப்பது

டிஜேக்கள் ரெக்கார்டு சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, தாளம் போடும் டிரம் மெஷின் ரோலண்ட் டிஆர்-808. ஹிப் ஹாப்பின் இந்தக் கருவிகள் இரண்டும் ஜப்பான் சரக்கு.

1994 ஹிட்டோடு முடித்துக்கொள்வது

ஈஸ்ட் எண்ட் என்ற ராப் குழுவும் பாடகி யூரியும் சேர்ந்து 1994இல் போட்ட பாட்டு பத்து லட்சம் பிரதி விற்றது, சரி. ஆனால் 1996 ஜூலை 7 அன்று, டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் ராப்பர் ஈசிடி கூட்டிய 'சன்பின் கேம்ப்' நிகழ்ச்சி பற்றியும் எழுதுங்கள். அந்த ஹிட்டை ராப் என்றே ஏற்காதவர்கள் அங்கேதான் மேடையேறினார்கள்.