நாய்க்குட்டி இரவில் அழாமல் உறங்க நான் செய்தவை

மன்னார்குடிக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்துக்கு மார்கழிப் பனியில் வந்து சேர்ந்த நாட்டு நாய்க்குட்டி, விளக்கை அணைத்ததும் ஓயாமல் கத்தியது. அதுவரை தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக்கிடந்த உயிருக்குத் தனிமையும் குளிரும் ஒன்றாக வந்து சேர்வதே அந்த அழுகைக்குக் காரணம் என்பதால், அதட்டுவதில் பயனில்லை, அது கொடுமையும்கூட.

திண்ணையில் கட்டிப்போடாமல், என் கட்டிலருகே ஓர் அட்டைப் பெட்டியில் சாக்கை மடித்து விரித்து, தாய் நாய் படுத்திருந்த பழைய துணியை, வாடை போகாதபடி துவைக்காமலே உள்ளே வைத்தேன். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரத்தில் வைத்ததும், குட்டி மோப்பம் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்து, மூக்கைத் துணிக்குள் புதைத்துப் படுத்துக்கொண்டது.

2 மாதக் குட்டியால் ஏறத்தாழ 2 அல்லது 3 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. ஆகவே இரவுச் சோற்றை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, படுக்கும் முன்பும் நள்ளிரவிலும் கொல்லைக்குத் தூக்கிச் சென்றேன். அந்நேரத்தில் கொஞ்சவோ விளையாடவோ கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

பொங்கல் கழிந்தபின் பெட்டியைச் சிறிது சிறிதாகக் கூடத்துக்கு நகர்த்தினேன். நன்கு உறங்கப் பழகிய குட்டி மீண்டும் திடீரென அழுதால், வயிற்றில் பூச்சியோ வேறு உபாதையோ இருக்கலாம் என்பதால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.